ஹஜ்ஜிலிருந்து வந்த குப்பி

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாத்திரைக் குப்பி வந்தால் உடனே அதைத் திறக்க மாட்டோம். முதலில் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்போம். தொகுதி எண் இருக்கிறதா, காலாவதித் தேதி அச்சிட்டதா பிறகு ஒட்டியதா, செய்தவனுக்கு ஒரு முகவரியாவது உண்டா என்று பார்த்த பிறகுதான் மூடியில் கை வைப்போம். இர்பித் நகரில் பதினோரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. வைட்டமின், இரும்புச்சத்து, மீனெண்ணெய், மூலிகைக் குளிகை என்று கடைக்குப் போகிற சத்து மாத்திரைகளில், வெளியே எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா, எழுதாத எதுவும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும்.

பழக்கம் கையில் ஊறிவிட்டது. வீட்டில் ஊறுகாய்ச் சீசாவைக்கூடத் திருப்பிப் பார்ப்பேன். என் மனைவி ருதைனா சிரிப்பாள். "பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு என்னையும் திருப்பிப் பார்த்திருப்பீங்க. எங்கப்பா பக்கத்துல இருந்ததால தப்பிச்சேன்."

என்னோடு வேலை செய்யும் ஹயாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஒருமுறை ஓர் இறக்குமதி வியாபாரி மேஜையில் கை அடித்து, "வல்லாஹி, என் மூணு பிள்ளைங்க மேல சத்தியம், சுத்தமான சரக்கும்மா" என்றார். ஹயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணே, சத்தியத்தைப் போட இந்த மெஷின்ல இடமில்ல. இருபது மாத்திரை குடுங்க, போதும்." அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அபூ ஸக்ர் இருக்கிறார். முப்பது வருடம் இர்பித்துக்கும் டமாஸ்கஸுக்கும் டாக்ஸி ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்தே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன என்பார். எதிரே இருக்கும் பள்ளிவாசலில், தொழுகை வரிசையின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'டிரைவர் சீட்'. நாங்களெல்லாம் ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது, அவர் மட்டும் நாற்காலியில் இருந்தபடி தலையைக் குனிவார்.

ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றவர் என்னிடம் சொன்னார்: "அவ்னி, வலி பழகிப்போச்சுப்பா. ஆனா ஏழு வருஷமா என் நெத்தி தரையில படல. எஜமான் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டே பேசுற வேலைக்காரன் மாதிரி இருக்கு."

அவருடைய அக்கா ஸப்ரியா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பதினெட்டு வருடம் பெயரைப் பதிந்து காத்திருந்து, போன வருடம்தான் ஹஜ்ஜுக்கு அவருடைய முறை வந்தது. புறப்படும்போது தம்பியிடம், "உனக்கு என்னடா கொண்டுவரட்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம் அக்கா. அல்லாஹ்வோட அந்த வீட்டு முன்னாடி நின்னு என் முட்டிக்கு ஒரு துஆ கேளு. பழைய வண்டி, உதிரிபாகம் கிடைக்கலன்னு சொல்லு."

ஹஜ்ஜா ஸப்ரியா பஸ்ஸில் திரும்பி வந்த அன்று அவர் வீட்டு வாசலில் பேரீச்ச ஓலை வளைவு கட்டி, பச்சை விளக்குச் சரம் தொங்கவிட்டிருந்தோம். கூடம் நிறைய ஆட்கள். காபிக் கிண்ணத்தில் ஒரு வாய் ஜம்ஜம் நீர், ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம். தஸ்பீஹ் மணி, தொழுகை விரிப்பு, அத்தர் என்று அவரவர்க்கு உரியதைக் கொடுத்து முடித்த பிறகு, தம்பியின் மடியில் ஒரு துணி மூட்டையை வைத்தார். உள்ளே ஆறு குப்பிகள். பச்சைச் சீட்டு, அதில் ஒரு பேரீச்ச மரப்படம்.

"முட்டி வலிக்கு. வெறும் மூலிகைதானாம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஒரு குப்பியை எடுத்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மக்காவிலேர்ந்து வந்ததுப்பா!" ஹஜ்ஜா ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் யாரோ ஜம்ஜம் கேட்டார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அபூ ஸக்ர் இன்னொரு குப்பியை என் பக்கம் நீட்டினார். "இந்தா டாக்டர், உன் வேலையப் பாரு. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

நான் டாக்டர் இல்லை. கேலிக்கு அப்படிக் கூப்பிடுவார். என் கை தன் வழக்கப்படி குப்பியைத் திருப்பியது. அடிப்பக்கத்தில் ஒன்றுமில்லை. எண் இல்லை, தேதி இல்லை, முகவரி இல்லை. நிமிர்ந்தேன். கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹஜ்ஜாவின் விரலில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது.

பதினெட்டு வருடம் காத்திருந்து போய் வந்த பெண். அவர் கையால் கொடுத்ததை, அவர் வீட்டிலேயே, அவர் தந்த பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே, இது எங்கே வாங்கியது என்று எப்படிக் கேட்பது? எங்கள் பக்கம் ஹஜ்ஜிலிருந்து வந்த பொருளைக் கேள்வி கேட்கிற வழக்கமே இல்லை. கேட்டால் அது பொருளைக் கேட்டது ஆகாது, ஹஜ்ஜையே கேட்டது ஆகும்.

"பரக்கத்தான பொருள், அல்லாஹ்வோட அருள் இருக்கு" என்றேன். "தைரியமா சாப்பிடுங்க."

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அபூ ஸக்ர் பள்ளிவாசலுக்குள் வந்து, டிரைவர் சீட்டைக் காலால் ஓரம் தள்ளினார். என் தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்றார். ஸுஜூதுக்குப் போனபோது அவரும் தரைக்கு வந்தார். நாங்கள் எழுந்தோம். அவர் எழ நேரமாயிற்று. வலியால் இல்லை. தொழுகை முடிந்ததும் பார்த்தேன், நெற்றியில் கம்பளத்தின் நூல் ஒட்டியிருந்தது, தாடி நனைந்திருந்தது. இமாம் தானே வந்து அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். படியில் விசிலடித்துக்கொண்டு ஏறினார். "ரெண்டு தட்டு மக்லூபா சோறு சாப்பிடுறாரு, மூணாவதுக்கு சட்டியத் தேடுறாரு" என்று அவர் மனைவி உம்மு ஸக்ர் சந்தோஷமாகக் குறைபட்டார். கன்னம் திரண்டு, முகம் வட்டமாகிச் சிவந்து மின்னியது. தெருவில் பார்ப்பவர்களெல்லாம், "பாரு, முகத்துல நூர் இறங்கியிருக்கு. அக்கா கேட்ட துஆ" என்றார்கள். நானும் சொன்னேன்.

ருதைனா மட்டும் ஒருநாள், "அது நூர் இல்லைங்க. ஊதியிருக்கு" என்றாள். "எங்க சித்திக்கு இப்படித்தான் ஆச்சு, ஆஸ்துமாவுக்கு மருந்து சாப்பிட்டப்ப."

"வாயக் கழுவு. அல்லாஹ் குடுத்த ஒளியப் பார்த்து அப்படிச் சொல்லலாமா?"

அவள் துணி மடிக்கத் தொடங்கினாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் நான் படித்த பாடம்தான் அது. படித்தவன் நான், பார்த்தவள் அவள்.

குப்பியில் அரசு முத்திரை இல்லையே என்று விசாரித்தவர்களிடமெல்லாம் அபூ ஸக்ர் ஒரே பதில் சொன்னாராம்: "முத்திரை எதுக்குய்யா? நம்ம அவ்னி பார்த்துட்டான்." இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஆறு மாதத்தில் ஆறு குப்பியும் தீர்ந்தன. தீர்ந்து எட்டாம் நாள், பிற்பகல் அஸர் தொழுகைக்கு இறங்கியவர் இரண்டாம் மாடிப் படியில் கால் மடிந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். நான்கு நாளாகவே சோறு இறங்கவில்லை, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல் என்று வண்டியில் போகும்போது உம்மு ஸக்ர் அழுதார். "குளிர் ஒத்துக்கலன்னு நெனச்சோம்."

மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. அதைவிட மோசம், ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தது. இளம் டாக்டர் ஒருவர் கையைப் பிசைந்தார். "அம்மா, என்ன மருந்து சாப்பிடுறாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மருந்தே இல்ல டாக்டர். ஆறு மாசமா ஒரு வலி மாத்திரைகூடத் தொடல. சத்தியமா."

உம்மு ஸக்ர் பொய் சொல்லவில்லை. ஹஜ்ஜிலிருந்து வந்ததை மருந்து என்று நினைக்கவே அவருக்குத் தோன்றவில்லை. நான் தலையணையில் கிடந்த முகத்தைப் பார்த்தேன். வட்ட முகம், கையில் தொட்ட இடமெல்லாம் ஊதாக் கன்றல். பாடப் புத்தகத்தில் இதற்கு நிலா முகம் என்று பெயர். ஊரே கூடி நிலாவைப் பார்த்து ஒளி என்று சொல்லியிருக்கிறோம்.

"டாக்டர், மூலிகைன்னு சொல்லி ஒரு குளிகை சாப்பிட்டாரு. அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்" என்றேன். "எட்டு நாளைக்கு முன்னாடி தீர்ந்து, திடீர்னு நின்னுபோச்சு."

டாக்டர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாதியிடம் திரும்பி ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். சோதனை முடிவுக்காக அவர் காத்திருக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுள் தரட்டும். இரவுக்குள் அழுத்தம் ஏறியது.

கடைசிக் குப்பியில் இரண்டு குளிகைகளை உம்மு ஸக்ர் எடுத்து வைத்திருந்தார், குவைத்திலிருந்து மகன் வந்தால் பரக்கத்துக்கு ஒன்று விழுங்கட்டும் என்று. மறுநாள் காலை அவற்றை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். தூளைக் கரைத்து, தகட்டில் புள்ளி வைத்து, பக்கத்திலேயே கலப்பில்லாத ஸ்டீராய்டிலும் ஒரு புள்ளி வைத்து, கரைப்பானில் நிறுத்தினேன். புறஊதா விளக்கில் பார்த்தபோது இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் நின்றன. உடன்பிறந்தவை மாதிரி.

ஹயா எட்டிப் பார்த்தாள். "யாரோட சரக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரரோடது. அவரு அக்கா ஹஜ்ஜு முடிச்சு பஸ்ஸுல வந்தப்ப கொண்டுவந்தது."

"எப்ப கைக்கு வந்துச்சு?"

"ஆறு மாசம் முன்னாடி."

அவள் தேநீர் போட்டுக் கொண்டுவந்து என் கையருகில் வைத்தாள். பிறகு கேட்டாள். "அந்த பஸ்ஸுல இன்னும் எத்தன பேரு வந்தாங்க?"

இடுப்பில் தகடு வைத்துத் தைத்த பிறகு, அபூ ஸக்ர் பேசும் அளவுக்குத் தேறியதும் போய்ச் சொன்னேன். குளிகையில் என்ன இருந்தது என்பதையும், நான் திருப்பிப் பார்த்தபோது என்ன இல்லை என்பதையும்.

கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஆக, அன்னைக்கே உனக்குத் தெரியும்."

"சந்தேகம் வந்துச்சு. வாய் வரல."

"இனிமே தரையில உட்கார முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டான்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உன்னத் திட்டணும்னு பார்க்குறேன் அவ்னி. ஆனா அஞ்சு மாசம் நெத்தி தரையில பட்டுச்சே, அத எந்தக் கணக்குல வைக்கிறது?"

அவர் திட்டியிருக்கலாம். எனக்கு அது இலேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு" என்று என் கையைப் பிடித்தார். "அக்காவுக்குத் தெரிய வேணாம். படியில வழுக்கிட்டேன்னு இருக்கட்டும். பதினெட்டு வருஷம் காத்திருந்த ஹஜ்ஜு அவளுக்கு."

மறுபடியும் அதே இடம். மரியாதையான, அன்பான மௌனம். சரி என்று தலையாட்டினால் போதும். ஆட்டத்தான் இருந்தேன்.

"அந்த பஸ்ஸுல நாப்பத்தஞ்சு பேர் வந்தாங்க அபூ ஸக்ர்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "மெதுவாச் சொல்லு" என்றார். "போனதும் சொல்லிடாத. அவ போடுற டீயைக் குடி மொதல்ல. நல்லாயிருக்குன்னு சொல்லு. அப்புறமாச் சொல்லு."

அப்படியே செய்தேன். ஹஜ்ஜா மர்யமிய்யா இலை போட்ட தேநீர் தந்தார். குடித்தேன், நல்லாயிருக்கு என்றேன், பிறகு சொன்னேன். தஸ்பீஹ் அவர் மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"மக்காவுல வாங்கல தம்பி" என்றார். "ஷைத்தானுக்குக் கல்லெறிஞ்சு வந்த அன்னைக்கே காய்ச்சல்ல படுத்துட்டேன். கடைத்தெருப் பக்கமே போகல. தம்பிக்கு வெறுங்கையோட போறோமேன்னு இருந்துச்சு. திரும்பி வர்ற வழியில, எல்லைக்கு முன்னாடி பஸ் டீசல் போட நின்ன இடத்துல ஒருத்தன் பையோட வந்தான். இப்பத்தான் அந்த வீட்டைத் தரிசிச்சுட்டு வர்றேன், அதன் மேல ஆணைன்னான். நான் வாங்குனேன். என்னைப் பார்த்து இன்னும் சிலபேரு வாங்குனாங்க."

"யாருமே உங்களக் கேக்கலையே ஹஜ்ஜா."

"அதான். மக்காவிலேர்ந்து வந்ததுன்னு அவரு குப்பிய முத்தமிட்டப்ப எனக்கு வெக்கமாப் போச்சு, சொல்ல முடியல. அப்புறம் நீ அதத் திருப்பிப் பார்த்த." என்னை நேராகப் பார்த்தார். "நீ கேப்பேன்னுதான் காத்திருந்தேன். எங்க வாங்குனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பேன். நீ பரக்கத்துன்னுட்ட. படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன்."

அன்று தஸ்பீஹ் மணி நின்றதை நான் அவமானம் என்று புரிந்துகொண்டேன். அது வேண்டுதலாக இருந்திருக்கிறது. அவர் மனம் நோகக் கூடாது என்று நான் மறைத்தேன், என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வராதா என்று அவர் ஏங்கினார். நடுவில் ஒரு மனிதனின் இடுப்பு முறிந்தது.

"என் ஹஜ்ஜு ஏத்துக்கப்பட்டிருக்குமா தம்பி?"

"அது எனக்குத் தெரியாது ஹஜ்ஜா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இருபது மாத்திரை கணக்குதான்."

அவர் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார், செருப்பைத் தேடினார். "நானே குடுத்தது, பஸ்ஸுல வாங்குனவங்கன்னு ஏழு வீடு எனக்குத் தெரியும். மிச்சத்த அவங்ககிட்ட கேட்டுக்கலாம். வா."

எங்கள் ஊரில் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதைவிட இழிவு வேறில்லை. ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததைக் கேட்பது இன்னும் கேவலம். எழுபது வயதில் அவர் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினார். நான் பின்னால் ஒரு பையோடு நின்றேன். குளிகையை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது, உடனே டாக்டரிடம் போய் இந்தத் தாளைக் காட்டவேண்டும் என்று நானும் ஹயாவும் எழுதிப் படியெடுத்த தாள்கள் என் கையில் இருந்தன. எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், காபி வந்தது. ஒரு வீட்டில் பாதிக் குப்பி மிச்சம். இன்னொரு வீட்டில் பிரிக்காமலே அலமாரியில், குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் மருமகள் கதவை முழுக்கத் திறக்கவில்லை. "குடுத்தத திருப்பிக் கேக்குற வழக்கம் எந்த ஊர்ல ஹஜ்ஜா?"

"கேக்கலம்மா. கையேந்துறேன்" என்றார் ஹஜ்ஜா. நிஜமாகவே கையை நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது: "குடுத்துடு மகளே. ரெண்டு நாளா எனக்கும் தலை சுத்துது." அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள்.

அந்த வாரம் பையில் பதினாறு குப்பிகள் சேர்ந்தன. விவரத்தை எழுதி அரசு அலுவலகத்துக்கு அனுப்பினோம். மருந்து விற்றவனைக் கண்டுபிடித்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அபூ ஸக்ர் கைத்தடியோடு பள்ளிவாசலுக்கு வந்தார். சாமான் அறையிலிருந்து வெள்ளை நாற்காலியை நான்தான் எடுத்துவந்து, தூசி துடைத்து வரிசையோரத்தில் போட்டேன். "மறுபடியும் டியூட்டியில சேர்ந்தாச்சு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு ஸுஜூதிலும் என் நெற்றி தரையைத் தொடும்போது, அந்த நாற்காலி லேசாகக் கிரீச்சிடுவது காதில் விழுகிறது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹஜ்ஜாவும் இருந்தார். ஆலிவ் ஊறுகாய் ஒரு சீசா கொண்டுவந்திருந்தார். அபூ ஸக்ர் அதை வாங்கி, பிரிக்காமல் என்னிடம் நீட்டினார்.

"இந்தா டாக்டர். உன் வேலையப் பாரு."

கூடத்தில் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சீசாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பிறகு ஹஜ்ஜாவைப் பார்த்தேன்.

"யார் போட்டது ஹஜ்ஜா?"

"நான்தான்."

"காய் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அஜ்லூன் பக்கம் எங்க மச்சான் தோட்டத்துலேர்ந்து. நானே போய்ப் பறிச்சேன்."

"எப்ப போட்டீங்க?"

"நவம்பர்ல. முதல் மழைக்கு அடுத்த வாரம். உப்பு, எலுமிச்சை, பச்சை மிளகாய். வேற ஒண்ணும் இல்ல தம்பி."

அவர் விரலில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டே இருந்தது. நான் மூடியைத் திறந்து முதல் காயை அபூ ஸக்ரிடம் கொடுத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மென்றார்.

மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.